முப்பத்தாறு மூச்சு

2003ஆம் ஆண்டு. மாப்பிள்ளை தோல் மாதிரிகளை எடுத்துக்கொண்டு ஹாங்காங் போயிருந்த நேரத்தில் ஆம்பூரில் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அவர் திரும்பிய அன்று குழந்தைக்குப் பதினோரு நாள். பெட்டியோடு கேட்டைத் திறந்தவரை நாலடி தூரத்திலேயே நிறுத்தினேன். ஹாங்காங்கில் அப்போது சார்ஸ் என்ற புதுக் காய்ச்சல் ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது.

"மாப்ளே, கொழந்தைய இப்போ பாக்க வேணாம். பத்து நாள் மாடி ரூம்ல இருந்துடுங்க."

"ஜன்னல் வழியா காட்டுங்க மாமா."

"பத்து நாள்."

பதினெட்டுப் படி ஏறி மேலே போனார். ஐந்து நாள் நன்றாக இருந்தவருக்கு ஆறாம் நாள் நூற்றியிரண்டு டிகிரி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருந்தது. சாதாரணச் சளிக்காய்ச்சல் போலத்தான் தெரிகிறது, ஆனாலும் தனியாகவே இருக்கட்டும், நிமிஷத்துக்கு மூச்சு முப்பதைத் தாண்டினால் உடனே கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர்.

என் மகள் நர்ஸ். பால் கொடுப்பவள் என்பதால் அவளை மாடிக்கு நான் விடவில்லை. எண்ணும் வேலை எனக்கு வந்தது. தோல் பதனிடும் டேனரியில் முப்பத்தொரு வருஷம் தோல் எண்ணியவனுக்கு இது ஒரு வேலையா?

கூடவே எதிர்ப்பு சக்தி ஏறட்டும் என்று மிளகு, பூண்டு, மஞ்சள் போட்டு நான்கு டம்ளர் கஷாயம் காய்ச்சினேன். மூன்றாவது டம்ளரில் மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார். கீழே மகள் என்னை மடக்கினாள்.

"எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி ஆனா நல்லதுன்னு யாருப்பா சொன்னது?"

"கம்மியா இருந்தாதானே பேஜாரு?"

"ரெண்டும் பேஜாருதான். சுண்ணாம்புத் தொட்டியில தோலை எதுக்குப் போடுவீங்க?"

"முடி கழல."

"எடுக்கவேண்டிய நேரத்துல எடுக்கலன்னா?"

"தோலையே தின்னுடும்."

"அதான். கிருமிய அடிக்கத்தான் உடம்பு ஆள் அனுப்புது. இந்த நோய் முத்திப் போச்சுன்னா, போன ஆளு இன்னும் நாலு பேரக் கூப்புடுவான், அவங்க இன்னும் பதினாறு பேர. கிருமி கம்மி ஆயிட்டாலும் அடிதடி நிக்காது. நுரையீரல் வீங்கித் தண்ணி கோத்துக்கும். அதுக்குத்தான் மூச்ச எண்ணச் சொன்னாங்க."

பொங்கல் லீவில் ஒரு தொட்டியை மறந்துபோய், நனைந்த அப்பளம் போலக் கையோடு வந்த தோல்களை நான் பார்த்திருக்கிறேன். நான்காவது டம்ளரைத் தோட்டத்தில் ஊற்றினேன். ஆனால் என் கவலை குறையவில்லை. இதுவரை மாப்பிள்ளையின் பலவீனத்துக்குப் பயந்தவன், இப்போது அவருடைய பலத்துக்குப் பயந்தேன். வாட்டசாட்டமான ஆள். அந்த உடம்பு எத்தனை பேரை அனுப்புமோ!

மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தோடு மேலே போய் எண்ணினேன். முப்பத்தாறு.

"முப்பத்தாறு! ஆட்டோ சொல்லு!" என்று படியிலிருந்தே கத்தினேன்.

மகள் ஓடிவந்து படிக்குக் கீழே நின்றாள். "என்னங்க, பேச முடியுதா?"

"முடியுது. பசிக்குது," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். "எப்படி எண்ணுனீங்க?"

"உள்ள போனது ஒண்ணு, வெளிய வந்தது ஒண்ணு."

மாட்டுத்தோலை முதுகு நெடுக இரண்டாக வெட்டுவோம். பாதி ஒவ்வொன்றும் கணக்கில் ஒன்று. முழுத்தோலை ஒன்று என்று எண்ணி எனக்குப் பழக்கமே இல்லை.

"எம்புருஷன் மாட்டுத்தோல் இல்லப்பா. உள்ள போய் வெளிய வந்தாதான் ஒண்ணு. பதினெட்டு. நல்லா இருக்காரு." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மாமா, அப்போ பத்து நாளையும் பாதியாக்கிடலாமா?"

"முடியாது," என்றேன்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் முழுக்க விட்டது. பத்து நாளும் முடிந்து, டாக்டர் சரி என்ற பிறகு, மாப்பிள்ளை குளித்துவிட்டுப் பதினெட்டுப் படியையும் ஆறே தாவலில் இறங்கி வந்தார். குழந்தையைக் கையில் வாங்கியவர் அசையவே இல்லை. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, குழந்தையின் மூச்சை உள்ளும் வெளியும் சேர்த்து ஒன்று என்றே முறையாக எண்ணினேன்.

"நாப்பத்துநாலு!"

என் கத்தலில் குழந்தை விழித்து வீறிட்டது. மாப்பிள்ளை அதை யாரிடமும் கொடுக்காமல் தானே ஆட்டினார்.

மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பச்சக் கொழந்தைக்கு அவ்ளோதான் பா. இந்தத் தடவ சரியாத்தான் எண்ணியிருக்கீங்க."