சாம்பல் பங்களாவின் மிஞ்சிய பதினொரு நிமிடம்

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். கவிப்ரியா பொய் சொல்கிறவள் இல்லை. நொய்டாவில் ஒரு செய்திச் சேனலில் வீடியோ எடிட்டர். யாராவது பேய் வீடியோ என்று கொண்டுவந்தால், எந்த இடத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவாள். இது நள்ளிரவில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல், பிற்பகல் மூன்றரை மணி, டெல்லி மயூர் விஹாரில் மூன்றாவது மாடி ஃப்ளாட். தேதியும் சொல்கிறேன்: 2025 ஜனவரி 16, வியாழக்கிழமை. அவள் என்னிடம் சொன்னதில் நான் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை.

முதலில் எங்கள் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'சாம்பல் பங்களா' என்று ஒரு தொடர் வந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் பிற்பகல் மூன்றரைக்கு. மலை மேல் ஒரு பங்களா, அதில் செத்தும் சாகாத அமராவதி என்று ஒரு பெண். முக்கால்வாசி நேரம் மெழுகுவத்தி வெளிச்சம், மீதி நேரம் இடி. கதவைச் சாத்தினால் சுவரே ஆடும். ஒரு தடவை அமராவதியின் நிலைக்கண்ணாடியில் காமிராக்காரர் கொட்டாவி விடுவதுகூடத் தெரிந்தது. எங்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தொடர் முடிந்து இருபத்து மூன்று வருஷமாகியும், டெல்லியில் கவிப்ரியாவையும் சேர்த்துப் பதினான்கு பேர் தினமும் மூன்றரைக்கு, அவரவர் இருக்கிற இடத்தில், ஒரே எபிசோடை ஒரே நேரத்தில் ஓட விட்டுப் பார்க்கிறோம். வாட்ஸப் குழுவில் 'ஆரம்பம்' என்று போட்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். ராஜம் மாமி தன் கண் ஆபரேஷனையே நாலரை மணிக்குத் தள்ளி வைக்கச் சொன்னவர். டாக்டர் கேட்டதற்கு, வீட்டில் பூஜை இருக்கிறது என்றாராம்.

எங்களுக்கு ஒரே குறை. கடைசி எபிசோட் மட்டும் யாரிடமும் இல்லை. தயாரித்தவர்களிடமே இல்லையாம், அழித்துவிட்டார்களாம். கடைசிக் காட்சியில் அமராவதி பங்களாவை விட்டு வெளியே போனாளா, உள்ளேயே இருந்துவிட்டாளா என்று ராஜம் மாமிக்கும் ஜகந்நாதன் மாமாவுக்கும் இன்றுவரை சண்டை. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேரும் அதை ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்தவர்கள்.

போன டிசம்பரில் பரணை ஒழித்தபோது ஜகந்நாதன் மாமாவுக்கு அவருடைய பழைய வீடியோ காமிரா கிடைத்தது. உள்ளே கேசட். கடைசி எபிசோட் அன்றைக்கு அவர் வீட்டு வி.சி.ஆர். மக்கர் பண்ணியதால், டிவிக்கு எதிரே அந்தக் காமிராவை நிறுத்தித் திரையையே படம் பிடித்திருந்தார். பிடித்ததை அவரே மறந்துவிட்டார். ஜனவரி 18, சனிக்கிழமை, தொடர் முடிந்த நாள்; வருஷா வருஷம் அன்றைக்குக் கூடுவோம். அதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லிக் காமிராவோடு கவிப்ரியாவிடம் கொடுத்தார்.

"ஜாக்கிரதையாப் பண்ணும்மா. அன்னிக்கு எங்க கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்ல அஞ்சு லேடீஸ் பாத்துண்டிருந்தா. உங்கம்மா விஜயலக்ஷ்மி முன்னாடி உக்காந்திருந்தா. சீன் இருட்டானா டிவி கண்ணாடியில அவா முகம் தெரியும்" என்றார்.

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கவிப்ரியாவுக்கு அன்றிரவு தூக்கமில்லை. அந்த எபிசோட் வந்து ஆறாவது மாதம் அவளுடைய அம்மா இறந்துவிட்டாள். கவிப்ரியாவுக்கு அப்போது ஏழு வயது. மிச்சம் இருப்பது மூன்று கல்யாணப் படங்கள். வீடியோ கிடையாது, குரல் கிடையாது. பெற்ற தாயின் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாமலே முப்பது வயதைத் தொட்டுவிட்டாள். அவளுக்கு அமராவதி எக்கேடு கெட்டால் என்ன? அந்த அறையில் அம்மா ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், ஒரு இருமல் இருந்தால்கூடப் போதும். எங்களுக்காக அவள் அந்தக் கேசட்டை வாங்கிக்கொள்ளவில்லை. அதற்காக அவள் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

வியாழக்கிழமை பனிமூட்டம் மதியமாகியும் விலகவில்லை. எதிர் ப்ளாக் தெரியவில்லை. குளிருக்காகப் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. நாலு வயது மகள் மது உள்ளறையில் ரஜாய்ப் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். கணவன் ஆபீசில். வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. ஹாலில் காமிராவைக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள்.

இவ்வளவு பழைய டேப்பை ஒரே ஒரு முறைதான் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதன் மேல்பூச்சு உதிரும். இது அவள் தொழில், அவளுக்குத் தெரியாததா?

சரியாக 3.30. குழுவில் 'ஆரம்பம்' வந்தது. பொத்தானை அமுக்கினாள்.

டிவித் திரையைப் படம் பிடித்த படம். மேலிருந்து கீழே கறுப்புக் கோடுகள் உருண்டன. அமராவதி மெழுகுவத்தியோடு மாடிப்படி ஏறினாள்.

3.41. மெழுகுவத்தி அணைந்தது. திரை இருண்டது. அந்த இருட்டில் கண்ணாடி அறையைக் காட்டியது. ஒரு ஜன்னல். திரைச்சீலை. வரிசையாக ஐந்து பெண்கள்.

முன்னால் அம்மா. கல்யாணப் படத்தில் இருப்பதுபோலவே தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு, இவளைவிடச் சின்னவளாக. ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல், மெதுவாக...

"கவி தூங்கிட்டாளா?"

கவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இதுவா அம்மாவின் குரல்? கொஞ்சம் கரகரப்பாக, இவ்வளவு பிரியமாக... இருபத்து மூன்று வருஷம் இதற்காகத்தானே ஏங்கினாள்! இன்னொரு தரம் கேட்டால் என்ன?

தப்பு என்று தெரியும். தெரிந்தேதான் செய்தாள். அதுவரை ஏற்றியதைக் கம்ப்யூட்டரில் சேமித்துவிட்டு டேப்பைப் பின்னால் ஓட்டினாள்.

3.44. மெழுகுவத்தி அணைந்தது. ஜன்னல். ஐந்து பெண்கள்.

"மது தூங்கிட்டாளா?"

கை அப்படியே நின்றது.

அழுத அழுகையில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தாள். மது என்று அந்த வீட்டில் வேறு ஏதாவது குழந்தை இருந்திருக்கும். இருக்கலாம் இல்லையா... மறுபடி பின்னால் ஓட்டினாள்.

3.47. மெழுகுவத்தி அணைந்தது.

நான்கு பெண்கள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பார்க்கவில்லை. நேராகக் கவிப்ரியாவைப் பார்த்தாள்.

"மதுவ இங்கிட்டு அனுப்பு, கவி."

உள்ளறையில் கொலுசு.

சல்...

ஒரே தடவை. அப்புறம் இல்லை.

ஓடினாள். ரஜாய் கலையாமல் இருந்தது. தூக்கிப் பார்த்தாள். படுக்கையில் சூடு இருந்தது. மது இல்லை.

பாத்ரூம். இல்லை. கட்டிலுக்குக் கீழே. இல்லை. பால்கனிக் கதவில் பூட்டு. வாசல் கதவில் போட்ட தாழ்ப்பாள் போட்டபடி.

3.51. தாழ்ப்பாளை நீக்கி, மாடிப்படிக் கைப்பிடியில் குனிந்து, கீழே காவல்காரரைக் கூப்பிட்டாள்.

"வாட்ச்மேன் பையா! என் பொண்ணு இறங்கி வந்தாளா?"

"நஹீ மேடம்... யாருமே இறங்கல."

3.56. மறுபடி ஹால். டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு சிரிப்பு.

மதுவின் சிரிப்பு.

ஸ்பீக்கரிலிருந்து.

மெல்லத் திரும்பினாள். இருட்டுத் திரை. ஐந்து பெண்கள்.

அம்மாவின் மடியில்... ஒரு சின்னத் தலை.

"அம்மா... குடுத்துடும்மா..."

அம்மாவின் கை இறுகியது.

3.57. காமிராவின் ப்ளக்கைப் பிடுங்கினாள்.

க்ர்ர்ர்க்...

நிசப்தம்.

பின்னால்,

சல்... சல்...

உள்ளறை வாசலில் மது நின்றாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு. அள்ளி எடுத்தபோது குழந்தையின் கை ஐஸாக இருந்தது. முதுகு மட்டும் சுட்டது, யார் மேலோ சாய்ந்து உட்கார்ந்திருந்த மாதிரி.

அன்றைக்கு அவள் கணவனிடம்கூட எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை ராஜம் மாமி வீட்டில் கூடினோம். கவிப்ரியா மதுவை இடுப்பை விட்டு இறக்காமல் வந்தாள். முதல் பதினொரு நிமிடம்தான் இருக்கிறது, மீதி டேப் காமிராவுக்குள் சிக்கிக் கிழிந்துவிட்டது என்றாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாங்கள் பதின்மூன்று பேரும் அவளை உலுக்கி எடுத்துவிட்டோம். அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ஜகந்நாதன் மாமா அழாத குறை.

இருப்பதையாவது பார்ப்போம் என்று மூன்றரைக்கு ஓட விட்டோம். பதினோராவது நிமிடத்தில் இருட்டு வந்தது, ஜன்னல் வந்தது, ஐந்து பெண்கள் வந்தார்கள். குரல் மட்டும் வரவில்லை. தொடரின் இசை மட்டுமே கேட்டது.

"மாமா, இந்த இடத்துல அம்மா பேசுவாங்களே. நான் கேட்டேனே..." என்றாள் கவிப்ரியா.

"எப்படிம்மா கேக்கும்? அந்தக் காமிராவோட மைக் அதுக்கு முன்னாடியே போயிடுத்து. டிவியிலேருந்து நேரா வயர் போட்டுத்தான் சவுண்ட் எடுத்தேன். ரூம்ல யாராவது கத்தியிருந்தாக்கூட விழாது."

கவிப்ரியா சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து யாரோ பழைய சண்டையை ஆரம்பித்தார்கள். அமராவதி வெளியே போனாளா, இல்லையா? இனி அது தெரியவே தெரியாது.

"போகல" என்றாள் மது.

மதுவுக்கு ஹிந்திதான் வாய்க்கு வரும். தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்கிற டெல்லிக் குழந்தை. அது இப்போது தங்குதடையில்லாமல் தமிழில் பேசியது.

"அந்த அக்கா கதவத் திறந்தா. வெளிய ஒரே வெயிலா இருந்துச்சு. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் கதவ மூடிட்டு உள்ள வந்து தரையில உக்காந்துட்டா."

ராஜம் மாமி துள்ளி எழுந்தார். "நான் சொன்னேனா இல்லையா! வெயில்! ஆமாம், வெயில் இருந்தது! சொல்லுடி கண்ணு, அப்புறம்?"

மாமிக்குச் சண்டையில் ஜெயித்த சந்தோஷம். இது குழந்தைக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அந்த நிமிடம் யாருக்கும் தோன்றவில்லை. ரசிகர்கள் என்றால் நாங்கள் அப்படித்தான்.

"அப்புறம் அந்த ஆன்ட்டி அழுதாங்க. பச்சப் பொடவ கட்டின ஆன்ட்டி தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்க. அவங்க குடிக்கல."

ராஜம் மாமியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"யாருடி... எந்த ஆன்ட்டி அழுதா?"

"அங்கிட்டு உக்காந்திருந்தாங்களே, அவங்க. நான் அவங்க மடியிலதான உக்காந்து பாத்தேன்."

டிவியில் படம் அந்த இருட்டிலேயே நின்றிருந்தது. மது விரலால் காட்டியது விஜயலக்ஷ்மியை.

மாமி கவிப்ரியாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். கூடவே நானும் போனேன். மாமி குரலைத் தாழ்த்தினார்.

"பச்சைப் புடவை நான்தான். கடைசி சீன்ல உங்கம்மா தேம்பித் தேம்பி அழுதா. எல்லாரும் சீரியலுக்கு அழறான்னு கேலி பண்ணினா. அன்னிக்குக் காலம்பறதான் அவளுக்கு ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்தது. எங்கிட்ட மட்டும் சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதீங்கோன்னு சத்தியம் வாங்கிண்டா. நான் இத்தனை நாளா வாயைத் திறக்கல."

"அம்மா வேற என்ன சொன்னாங்க மாமி?"

மாமி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தனக்கு வந்திருக்கற வியாதிக்கு அழலை. 'எம்பொண்ணு பெத்துப்போடறத மடியில வச்சுப் பார்க்க முடியாதே மாமி'ன்னு அழுதா. தைரியமா இருடி, வெச்சுப்பே, பாருன்னேன். கண்ணைத் துடைச்சுண்டு சிரிச்சா. 'ஒரு தடவ எம்மடிக்கு வந்துட்டா, அப்புறம் கவியே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்'னா."

கவிப்ரியா ஹாலுக்கு ஓடிவந்து மதுவை வாரி மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள். குழந்தை நெளிந்தது.

"விடும்மா, வலிக்குது... அந்த ஆன்ட்டியும் இப்படித்தான் பிடிச்சாங்க."