சர்க்கரை இல்லாத டீயும் தீராத கணக்கும்

மைக்ரான் தன் மச்சானுக்கு மூன்று மாதக் கூலி அளவுக்குக் கடன்பட்டிருந்தார். வீடு கட்டிய கடன் இல்லை, பெண்ணைக் கட்டிக்கொடுத்த கடன் இல்லை. அத்தனையும் தின்ற கடன்.

மைக்ரான் என்பது பட்டறைத் தெரு வைத்த பேர், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவின் பேர். லேத் மிஷினில் இரும்பைக் கடைந்து கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது. தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு பிசகினாலும் விரல் நுனியால் தடவியே சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் அவருக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. கூட்டிப் பெருக்குவதற்கு வந்து சேர்ந்த பட்டறையில், இன்றைக்கு அவர் கைபட்ட ஷாஃப்ட் என்றால் அளந்து பார்க்காமல் வாங்கிப் போகிறார்கள். எவனும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை, தானாக ஏறி வந்தவர். அப்படி வந்த ஆளுக்குத் தலை கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். இருந்தால் என்ன தப்பு?

ஆனால் அந்தக் கனம்தான் கடனையும் கொண்டுவந்தது. தெருக்கோடியில் மச்சானுடைய கேன்டீன். மச்சான் என்றால் மைக்ரானுடைய மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். மைக்ரான் தனியாகச் சாப்பிடப் போய் யாரும் பார்த்ததில்லை. வெல்டர், பெயின்டர் என்று ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டுதான் போவார். யார் எதைத் தின்றாலும், "நம்ம கணக்குல போடுங்க மச்சான்" என்று கையைக் காட்டிவிட்டு எழுந்து வருவார். வெல்டர் கடித்த பொரித்த கோழி, பெயின்டர் டீயில் முக்கிய கேக், இவர் தின்ற இரண்டு பங்கு வறுவல் எல்லாம் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் கரிக்கோடாக ஏறும். அடுத்தவனைப் பாக்கெட்டில் கை விட விடமாட்டார். அதில் அவருக்கு ஒரு ராஜ களை.

கேன்டீனுக்கு ஒரு சட்டம் உண்டு. கணக்கு நிற்கிறவன் அங்கேதான் சாப்பிட வேண்டும். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர ஆசைப்பட்டால் முதலில் பாக்கியைத் துடைக்க வேண்டும். டப்பா தூக்கி வருகிறவன் நாளைக்குக் கடைப் பக்கம் தலைகாட்டமாட்டான், அப்புறம் எவன் சட்டையைப் பிடிப்பது என்பது மச்சானுடைய நியாயம். கூலி தள்ளிப்போகும் மாதங்களில் சோறு போடும் கடை அது ஒன்றுதான். அதனால் தெருவில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. கூலி நாளில் பட்டறை முதலாளியின் மேசைக்குப் பக்கத்திலேயே மச்சான் வந்து நின்றுகொள்வார். பணம் இவர்கள் கைக்கு வருமுன் ஒரு பங்கு அவர் பைக்குள் போய்விடும். மறுநாளே சுவரில் புதுக் கோடு ஏறும். பாதித் தெரு இப்படித்தான் அவர் கயிற்றில் கிடந்தது.

மைக்ரானும் அப்படியே கிடந்திருப்பார், கண் மக்கர் பண்ணாமல் இருந்திருந்தால்.

ஒரு காலையில் அளவுகோலின் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கிரீஸ் ஒட்டியிருக்கிறது என்று துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தார். அன்றைக்குக் கடைந்து கொடுத்த உருப்படி பொருந்தவில்லை என்று சாயங்காலமே திரும்பி வந்தது. முதலாளி அதை மேசைமேல் உருட்டிவிட்டார்.

"மைக்ரானாம் மைக்ரான். இது மைல் கணக்குல இருக்குய்யா."

பட்டறையே சிரித்தது. அந்த மனுஷன் வாழ்நாளில் வாங்கியிராத அடி அது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ரத்தத்தைப் பார்த்தார். பிறகு அவரையே பார்த்தார்.

"தினமும் என்ன சாப்பிடுவீங்க?"

"எல்லாம் சாப்பிடுவேன். நாலு பேருக்கு வாங்கியும் கொடுப்பேன்."

"வாங்கிக் கொடுக்கிறதை நான் கேக்கல. சர்க்கரை ஏறிக் கிடக்கு. கண்ணுக்குப் பின்னாடி ரத்தக் குழாய் கசியுது. போன பார்வை போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்."

"அவ்வளவுதானே. இன்னையோட எல்லாத்தையும் விட்டுடறேன்."

"இப்படிச் சொல்லிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல. சபதமெல்லாம் எனக்கு வேணாம். இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு விடணும். எதைன்னு நீங்களே சொல்லுங்க."

மைக்ரானுக்குச் சுருக்கென்றது. தன் வயசில் பாதிகூட இல்லாத பொம்பளை, தன்னை ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி நடத்துவதா? இருந்தாலும் விஷயம் அவருக்குப் பிடிபட்டது. இரும்பும் அப்படித்தான். ஒரே இழுப்பில் ஆழமாக வெட்டப் போனால் உளி முறியும். கொஞ்சம் கொஞ்சமாகச் சீவித்தான் அளவுக்குக் கொண்டுவர முடியும்.

"டீயில சர்க்கரை," என்றார்.

"அது பழகினப்புறம்?"

"வீட்டுச் சாப்பாடு."

"அதுக்கப்புறம் நடக்கணும். வண்டியில வந்து வண்டியில போனா ஆகாது. ஒண்ணு பிடிபட்டதும் அடுத்தது. இதுல ஒண்ணு தவறினாலும் கண்ணை என்கிட்டக் கேக்காதீங்க."

மறுநாள் கேன்டீனில் கூட்டத்தோடு உட்கார்ந்தார்.

"மச்சான், எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாம ஒரு டீ."

மச்சான் தலை நிமிரவில்லை. "இங்க ஒரே டீதான். பாலு, சர்க்கரை எல்லாம் அண்டாவுலயே ஒண்ணாக் கொதிக்குது. மாப்ளைக்குன்னு தனி அண்டா ஏத்தவா?"

"வெறும் டீத்தண்ணி போதும்."

"வெறும் தண்ணிக்கு என்ன விலை போடறது?"

"டீ விலையே போடுங்க."

"கேட்டுக்கங்கப்பா. நேத்து வரைக்கும் என் டீ தேனா இருந்துச்சு. இன்னைக்கு விஷமாயிடுச்சு."

சிரித்தவர்கள் எல்லாருடைய வாயிலும் மைக்ரான் கணக்கில் வாங்கிய பன் இருந்தது. அவர் டீத்தண்ணியைக் குடித்தார். வாயெல்லாம் கசந்தது. அந்த வாரம் முழுக்கக் குடித்தார். மறுவாரம் கசப்பு அவ்வளவாகத் தெரியவில்லை. அடுத்ததற்குப் போகலாம் என்று முடிவு பண்ணினார்.

மனைவி டப்பா கட்டிக் கொடுத்தார். கொஞ்சமாகச் சோறு, நிறையக் கீரை, அவித்த பயறு, இரண்டாக வெட்டிய முட்டை. மத்தியானம் லேத் மிஷினுக்குப் பின்னால் பெட்டி மேல் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். கை வைக்கவில்லை, அதற்குள் மச்சான் எதிரே நின்றார். யாரோ ஓடிப்போய் வத்தி வைத்திருக்கிறான்.

"என்ன மாப்ள இது?"

"சாப்பாடு."

"அது தெரியுது. கணக்கு நிக்குதே, அது உனக்குத் தெரியுதா?"

"கண்ணு போயிட்டிருக்கு மச்சான். வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடணும்னு டாக்டரம்மா..."

"உனக்குக் கண்ணு போகுது, எனக்குக் காசு போகுது. இன்னைக்கு உன்னை விட்டா நாளைக்குத் தெருவே டப்பா தூக்கிட்டு வரும். நான் அண்டாவைக் கவுத்துட்டு ஈ ஓட்டவா?"

"உங்க தங்கச்சி கட்டிக் கொடுத்தது."

"தங்கச்சின்னு தள்ளி விட்டா கேன்டீன் நடக்காது."

மூடியை அழுத்தி மூடி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கணக்கு தீரும்வரை அது கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். மைக்ரான் அன்று மத்தியானம் பட்டினி. சாயங்காலத்துக்குள் தலை சுற்றி, மிஷினை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தது அவருடைய தப்பு.

"அவன் டப்பாவைத் தூக்கிட்டுப் போற வரைக்கும் நீங்க வேடிக்கை பாத்தீங்களாக்கும்?" என்றார் மனைவி.

"உன் அண்ணன்தானே."

"எனக்கு அண்ணன். உங்களுக்குக் கடன்காரன். ஊருக்கெல்லாம் தீனி வாங்கிப் போட்டது நானா, என் அண்ணனா? போய்த் தின்னவங்ககிட்டக் கேளுங்க."

கேட்டார். அதுவரை யாரிடமும் எதையும் கேட்டறியாத வாய் அது. வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களா கூப்பிட்டீங்க, வந்தோம். இப்ப பில்லு நீட்டறீங்க?"

"பாதியாவது கொடுங்கப்பா. கண்ணுக்காகக் கேக்கறேன்."

பெயின்டர் எட்டிப் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா கோழியைத் தொட்டிருக்க மாட்டேன் அண்ணே. பன்னோட நிறுத்தியிருப்பேன்."

ஒரு பைசா பெயரவில்லை. பெயர்ந்தது அவர் பேர்தான். மறுநாளிலிருந்து அவர் தெருவில் கஞ்சனாகிவிட்டார். கேன்டீனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அடுத்த பெஞ்சுக்கு மாறினார்கள். கணக்கு நிற்கும்போது ஒளிந்து தின்றான் என்ற பேரை மட்டும் வாங்கமாட்டேன் என்று, கேன்டீனிலேயே அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் கேட்டார். மச்சான் கொடுத்தார். முட்டைக்குக் கோழி விலை போட்டார். வயிறு நிறையவில்லை. பல நாள் கடைசியில் வறுவலில் போய்த்தான் கை நின்றது.

ஆக, கடனை ஒழிக்காமல் கண் இல்லை என்று ஆகிப்போனது. அவரிடம் விற்கிற மாதிரி இருந்தது ஒன்றே ஒன்று, மோட்டார் சைக்கிள். தன் சம்பாத்தியத்தில் வாங்கி, குழந்தை மாதிரி துடைத்து வைத்திருந்த வண்டி. பழைய வண்டி வாங்குகிறவர் அதில் இல்லாத நோவெல்லாம் சொல்லி விலையைக் குறைத்தார். மைக்ரான் அவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

"நடக்கிறது கடைசியாத்தானே வருதுன்னீங்க?" என்றார் மனைவி.

"அது முந்திக்கிச்சு," என்றார்.

இனிமேல்தான் வேடிக்கை. பணத்தோடு போனால் மச்சான் வாங்கவில்லை.

முதலில் போனபோது கல்லாவைப் பூட்டியாச்சு என்றார். அடுத்த முறை, கூலி நாள் வரட்டும், முதலாளி முன்னாடி முடித்துக்கொள்ளலாம் என்றார். கூலி நாளில் முதலாளி மேசைப் பக்கமே அவர் வரவில்லை. கடைக்குத் தேடிப் போனால், "சொந்தத்துக்குள்ள என்ன மாப்ள அவசரம்? காசு எங்க ஓடியா போகுது?" என்று முதுகில் தட்டினார். ஒரு பன் காசுக்கு ஆளை வீடு வரை துரத்துகிற மனுஷன், நிறைந்த பாக்கெட்டைப் பார்த்து ஓடினார். மைக்ரானுக்கு இரண்டு நாள் புரியவில்லை. பிறகு புரிந்தது. மச்சானுக்கு வேண்டியது காசு இல்லை, கணக்கு. ஒருத்தன் கயிற்றை அறுத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தால், அடுத்தவனும் கயிற்றை அவிழ்க்க ஆரம்பிப்பான்.

இடையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தது.

"டீயில சர்க்கரை?"

"விட்டாச்சு."

"நடை?"

"தினமும் வேலைக்கு நடந்துதான் போறேன். வண்டியே இல்ல."

"வீட்டுச் சாப்பாடு?"

"இன்னும் இல்ல."

"ஏன்?"

"மச்சான் காசு வாங்க மாட்டேங்கிறார்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனையோ சாக்கு கேட்டிருக்கேன். இது புதுசு. உங்க மச்சான் வாங்கறாரோ இல்லையோ, அடுத்த தடவையும் இப்படியே வந்தீங்கன்னா கண்ணுக்குள்ள ஊசி போடணும். அதுக்கும் கேக்கலன்னா இரும்பு வேலையை மறந்துடுங்க."

லேத் மிஷின் இல்லாமல் மைக்ரான் என்று ஒருவர் கிடையாது. வீட்டுக்கு வந்து, டாக்டரம்மா சொன்னதை மனைவியிடம் அப்படியே சொன்னார். மறுநாள் மத்தியானம் கேன்டீன் நிறைந்திருந்த நேரத்தில் இருவருமாக உள்ளே நுழைந்தார்கள்.

"அண்ணே, கையை நீட்டு," என்றார் மனைவி.

மச்சான் கரண்டியை வைத்தார். "நீ எதுக்கு இங்க வந்த? வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுக்கு வந்தா என் கீரையை ரெண்டு தடவை கேட்டு வாங்கித் திம்ப. இங்க அதே கீரைக்கு டப்பாவைப் புடுங்குவ. இங்கயே பேசலாம்."

"சரி, கல்லாவுல போட்டுட்டுப் போகச் சொல்லு."

"கல்லாவுல போட்டா நாளைக்குப் பாக்கி நிக்குதும்பீங்க," என்றார் மைக்ரான். "கையில எண்ணித்தான் கொடுப்பேன். இத்தனை பேரும் பாக்கட்டும்."

"ரொம்பத் துள்ளாத மாப்ள. பட்டறையில கூலி நின்னா என் வாசல்லதான் வந்து நிப்ப."

"நிப்பேன். காசு கொடுத்துத் திம்பேன். இல்லன்னா பட்டினி கிடப்பேன்."

"வாங்கிக்கங்கண்ணே," என்றார் வெல்டர், வாயில் கோழியோடு. "எங்களுக்கும் வழி தெரியட்டும்."

"உன் கணக்கை இப்பவே கேக்கவா?"

வெல்டர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"அண்ணே," என்றார் மனைவி, குரலை ஏற்றாமல். "இவருக்குக் கண்ணு போச்சுன்னா மூணு வேளையும் உன் கடையிலதான் வந்து உக்காருவோம். ரெண்டு பேரும். ஒரு பைசா தரமாட்டோம். நீ என்ன சட்டம் போடறன்னு பாக்கறேன்."

யாரும் மெல்லவில்லை. மச்சான் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அவருக்குப் பரிந்து வாய் திறக்கவில்லை. எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி, உள்ளங்கையை நீட்டினார்.

மைக்ரான் வெளிச்சம் விழும் வாசல் பக்கமாகத் திரும்பி நின்றார். ஒவ்வொரு நோட்டையும் மூக்குக்கு நேரே தூக்கி, எண்ணைப் பார்த்து, பிறகுதான் அந்தக் கையில் வைத்தார்.

"கண்ணு தெரியலன்னா அவளை எண்ணச் சொல்லு," என்றார் மச்சான்.

"என் காசு. நான்தான் எண்ணுவேன். கையை ஆட்டாதீங்க."

வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி வைத்தார். அவசரப்படவே இல்லை. இடையில் எண்ணிக்கை விட்டுப்போன மாதிரி இருந்தது. அத்தனையையும் திரும்ப எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். மச்சான் பல்லைக் கடித்தார், ஆனால் கையை மடக்கவில்லை. அடுப்பில் டீ பொங்கி வழிந்து அணைந்தது, ஒருவரும் எழுந்து போகவில்லை. மைக்ரான் கடைசி நோட்டை இருபுறமும் திருப்பிப் பார்த்து, விரித்த உள்ளங்கையில் மற்ற நோட்டுகளுக்கு மேல் வைத்தார்.