ஏகாம்பரம் அண்ணனின் கைராசி

பணிநிறைவு விழா ஆல்பம் நேற்றுதான் வந்தது. போட்டோக்காரர் ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு, கடைக்கே கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். புரட்டிப் பார்த்தால் பாதிப் படங்களில் நான்தான் இருக்கிறேன். சால்வை போர்த்துகிறேன், மாலை போடுகிறேன், மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைப் பாதி திறந்தபடி நிற்கிறேன். விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால் என்னைத்தான் வழியனுப்பி வைத்தார்கள் என்று நினைப்பார்கள். ஏகாம்பரம் அண்ணன் எல்லாப் படத்திலும் கைகளைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் கைகளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

உத்திரமேரூரில் எங்கள் விதைக் கடைக்கு நான் வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அப்போதே கடையில் பழம் தின்று கொட்டை போட்டவர். விதை நெல்லில் கலக்கும் மருந்துப் பொடிக்கு ஒரு வாசனை உண்டு. எத்தனை சோப்பு போட்டாலும் விரலை விட்டுப் போகாது. சோற்றைப் பிசைந்தால் சோற்றில் வரும். கல்யாணமான புதிதில் என் மனைவி அதை மோந்து பார்த்துவிட்டு, நான் எதையோ குடித்துவிட்டு வருகிறேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்தச் சந்தேகம் தீர ஒரு வருஷம் ஆயிற்று. அண்ணன் கையில் மட்டும் அந்த வாசனை நாற்றமாகத் தெரியாது. ஊரே அந்தக் கையைத் தேடி வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். விதை மூட்டையைப் பிரித்து, முதல் இரண்டு கை நெல்லைக் கடைக்காரரே அள்ளி வாங்குகிறவரின் துண்டில் போட வேண்டும். அப்புறம்தான் மூட்டை வண்டியில் ஏறும். அள்ளுகிற கை ராசியான கையாக இருக்க வேண்டும். தென்னேரி, கூரம், காவாந்தண்டலம் என்று எங்கிருந்து வந்தாலும் ஏகாம்பரம் அண்ணன் சாப்பிடப் போயிருந்தால் அவர் வரும்வரை காத்திருப்பார்கள். முதலாளியே அள்ள வந்தாலும் துண்டை விரிக்க மாட்டார்கள். முதலாளிக்கு அதில் உள்ளூர எரிச்சல்தான். வியாபாரம் நடக்கிறதே என்று பொறுத்துக்கொள்வார்.

எனக்குத் தொழில் தெரிந்ததெல்லாம் அவர் பக்கத்தில் நின்று தெரிந்ததுதான். சரி, நான் கெடுத்த கதைக்கு வருகிறேன்.

நவரைப் பட்டத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். கிடங்கில் இரண்டு குவியல். ஒன்று ஏரித் தண்ணீர் வற்றுமுன் விளைந்துவிடும் குறுகிய கால நெல், நவரைக்கு அதுதான். மற்றது நீண்ட கால நெல். இரண்டும் சன்ன ரகம், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எது எது என்று அட்டையில் எழுதி மூட்டை வாயில் தைப்பது என் வேலை. அன்றைக்குக் கார்த்திகை தீபம். மாமியார் வீட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நீண்ட கால நெல் இருந்த பத்து மூட்டைகளுக்குக் குறுகிய கால அட்டையை மாற்றித் தைத்துவிட்டேன். பத்தும் காவாந்தண்டலத்துக்குப் போயின. அண்ணன் முதல் கை அள்ளிப் போட்டுத்தான் அனுப்பினார்.

பங்குனி பிறந்தது. ஏரியில் தண்ணீர் அடியைத் தொட்டுவிட்டது. அக்கம்பக்கத்து வயல்களில் அறுப்பு நடக்க, எங்கள் விதை போட்ட வயல்கள் மட்டும் கதிரே வராமல் பச்சைப்பசேலென்று நின்றன. பத்து நாளில் காய்ந்தன. கடைசியில் மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்த்தார்கள். அண்ணன் என்னைத் தன் வண்டியின் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போனார். வரப்பில் ஏறி வயலைப் பார்த்தேன். அட்டையை மாற்றித் தைத்தது நான்தான் என்று அங்கேயே அவரிடம் அழுதேன்.

"வாயத் தொறக்காத. உனுக்கு இப்பதான் கல்யாணம் ஆயிக்கீது. மொதலாளி உன்ன ஒரு நாளு வெச்சிக்க மாட்டாரு. நான் பாத்துக்கறேன்."

ஊரார் முன்னால் கைகூப்பி, தப்பு தன்னுடையது என்று சொன்னார். நான் அவர் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்பதில் நான் கெட்டிக்காரன்.

அவரை வேலையைவிட்டு எடுக்கவில்லை. ஆனால் அடுத்த பட்டத்தில் காவாந்தண்டலத்துப் பெரியவர் ஒருவர் துண்டை விரிக்காமல் நின்றார்.

"நீ வாணாம் ஏகாம்பரம். அந்தத் தம்பிய அள்ளச் சொல்லு."

நான் அள்ளினேன். அந்த வருஷம் பார்த்து நல்ல விளைச்சல். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். என் கை ராசியான கை ஆகிவிட்டது. அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நான் அள்ளிப் போட, அண்ணன் பின்னால் நின்று மூட்டையைப் பிரித்துக் கொடுத்தார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். கோழைக்குக் காலண்டரில் நாளுக்கா பஞ்சம்.

விழாவில் சொல்லிவிடுவது என்று உறுதியாக இருந்தேன். காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். முன்வரிசையில் காவாந்தண்டலத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கைப் பிடித்ததும் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? அண்ணன் இந்தக் கடையின் தூண், ஆலமரம், கலங்கரை விளக்கம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சால்வை போர்த்தினேன்.

விழா முடிந்து இரண்டு வாரத்தில் அண்ணன் கடைக்கு வந்தார். எங்களோடு உட்கார்ந்து டீ குடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு அரை ஏக்கர் நிலம் உண்டு. அதற்கு நவரை விதை வேண்டும் என்றார். மூட்டையைப் பிரித்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் எடுக்கவில்லை. தோள் துண்டை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"நீயே அள்ளிப் போடுப்பா. என் கை ராசியில்லாத கை."

கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. "அண்ணா, அட்டைய மாத்தித் தெச்சது நான். அது உனுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்பா. அட்ட உன் தப்பு. ஆனா அள்ளிக் குடுத்தது நானு. ராசியான கையா இருந்தா அள்ளறப்பவே வேற நெல்லுன்னு தெரிஞ்சிருக்கும் இல்ல? அது அப்பவே போயிடுச்சி."

அவர் குரலில் கோபமும் இல்லை, என்மேல் குறையும் இல்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் இரண்டு கை அள்ளி அவர் துண்டில் போட்டேன். துண்டை முடிந்துகொண்டு, மூட்டையை வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்.

இத்தனை வருஷமும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. ஊர் என்ன பேசினாலும், தன் கையில் பழுதில்லை என்று தெரிந்த மனிதர் ஒருவர் என் பக்கத்தில் நிற்கிறார் என்ற தைரியம். அந்த மனிதர் என்றைக்குப் போனார் என்றே எனக்குத் தெரியவில்லை. இனி நான் காவாந்தண்டலத்தில் வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லலாம். அவர்கள்கூட நம்பிவிடுவார்கள். ஏகாம்பரம் அண்ணன் நம்ப மாட்டார்.