என் மகள் சொன்ன மீதிப் பாதி

சகோதரிகளே, எனக்குச் சாட்சி சொல்லிப் பழக்கமில்லை. என் வயிற்றெரிச்சலும் இதில் கலந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. திருவனந்தபுரத்தில் பாளையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். என் கணவர் அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தா. எங்களுக்கு ஒரே மகள், சாராள். பேட்டையிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளையை அவளுக்குப் பேசி முடித்திருந்தோம். கோயிலில் சபையார் அறியக் கல்யாண ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி.

சாராளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததுண்டு. ஏழு வயதோடு நின்றுபோயிற்று. நின்றுபோன நோயை யார் சம்பந்தம் பேசும் இடத்தில் சொல்வார்கள்? எங்களைத் தவிர அது ஒருத்திக்குத்தான் தெரியும். அடுத்த வீட்டு ஞானப்பூ. எனக்கு உடன்பிறவாத தங்கை. கல்யாண நேரத்தில் அது திரும்ப வந்துவிடக் கூடாதே என்று அவளிடம் சொல்லி அழுதேன். இரண்டு பேரும் முழங்காலில் நின்று ஜெபித்தோம்.

அந்த வாரம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஞானப்பூ எழுந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, கண்ணீர் வடிய ஜெபித்தாள்.

"ஆண்டவரே, எங்கள் சாராளை அந்த வலிப்பு நோய் இனித் தொடாதபடி காத்துக்கொள்ளும்."

கூட்டம் முழுவதும் ஆமென் என்றது. பழக்க தோஷம், நானும் ஆமென் என்றேன். சொன்ன பிறகுதான் பக்கத்தில் இருப்பது யார் என்று நினைவு வந்தது.

சம்பந்தம் முறிந்தது. ஞானப்பூவிடம் போய்க் கேட்டேன்.

"பிள்ளைக்க நன்மைக்குத்தானே அக்கா ஜெபிச்சேன்? ஜெபம் பண்ணினது ஒரு குத்தமா?"

வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினேன். அடுத்த மாதம் அதே மாப்பிள்ளைக்கும் ஞானப்பூவின் மகளுக்கும் கோயிலில் ஓலை வாசித்தார்கள். நானும் சாராளும் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டோம்.

சாராள் அன்று வீட்டுக்கு வந்து படுத்தவள்தான். வலிப்பு வரவில்லை, பேச்சு நின்றுவிட்டது. "மக்களே, ஒரு வாய் கஞ்சி குடி" என்பேன். குடிப்பாள். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசு மக்களே" என்பேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். ஆஸ்பத்திரி டாக்டர் நாக்கையும் தொண்டையையும் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை என்றார். என் பிள்ளை இப்படியே போய்விடுவாளோ என்று பயந்தேன்.

ஜெபிக்கலாம் என்றால் ஜெபம் வரவில்லை. 'ஆண்டவரே' என்று ஆரம்பித்தாலே ஞானப்பூவின் குரல்தான் காதில் கேட்டது. என் மகளின் கல்யாணத்தை மட்டுமா எடுத்தாள்? என் ஜெபத்தையும் எடுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. குடும்ப ஜெப நேரம். கணவர் இன்னும் வரவில்லை. நூற்று முப்பத்தாறாம் சங்கீதத்தை மாறி மாறிச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். தேவன் செய்ததை நான் சொல்வேன். "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சாராள் முடிப்பாள். எனக்காகக் கேட்கத்தான் வாய் வரவில்லை, அவர் அந்தக் காலத்தில் செய்ததையாவது சொல்வோம் என்று தொடங்கினேன். இரண்டு பாதியையும் நானே சொன்னேன். வானங்களை உண்டாக்கினார். எகிப்திலிருந்து தம் ஜனத்தைப் புறப்படப்பண்ணினார். செங்கடலைப் பிளந்தார். பார்வோனையும் அவன் சேனையையும் அதிலே கவிழ்த்துப்போட்டார். உண்மையைச் சொல்கிறேன், அந்த வரியைக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன், அடுத்த வீட்டுக்கும் கேட்கட்டும் என்று. அவர் அழித்த பாசானின் ராஜாவாகிய ஓகையும் விடவில்லை.

நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவர் என்ற இடம் வந்தது. அதைச் சொன்னதும் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, அழுகைதான் வந்தது. மீதியைச் சொல்ல முடியவில்லை.

"அவர் கிருபை என்றுமுள்ளது."

உள்ளறையிலிருந்து வந்தது. கரகரத்த குரல். என் சாராள்! ஓடிப்போய்ப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்கம்மா? இன்னும் மூணு வசனம் கெடக்கே" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டு அந்த மூன்றையும் சொல்லி முடித்தேன். பிறகு அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. பெண் பார்க்க வந்தவரிடம் வலிப்பைப் பற்றி அவளே தன் வாயால் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. ஞானப்பூவோடு எனக்கு இன்னும் பேச்சு இல்லை. அதற்கும் ஆண்டவர்தான் வழி செய்ய வேண்டும். ஆனால் என் ஜெபம் என்னிடம் திரும்பி வந்துவிட்டது.

சகோதரிகளே, நீங்கள் நம்பினவர்களே கழுத்தறுத்ததால், உங்களுக்கும் ஜெபிக்க வாய் வராத நாள் வரலாம். அன்றைக்கு உங்கள் காரியத்தை விட்டுவிட்டு, அவர் செங்கடலில் செய்ததைச் சத்தமாகச் சொல்லுங்கள். கோபத்தோடேயாவது சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடிக்க முடியாமல் நிற்கிற இடத்தில், முடித்துக்கொடுக்க அவர் ஒருவரை வைத்திருப்பார்.