இலையின் வாய்க்குள் இருந்து வந்த நூல்

தண்ணீரூற்றுப் பக்கம் நல்ல மிளகாய்க் கன்று வேண்டுமென்றால் என்னிடம்தான் வரவேண்டும். பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் உழைத்துச் சேர்த்த பெருமை அது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சண்டையில் எல்லாம் போய், ஒரு மண்வெட்டியோடு ஊருக்குத் திரும்பி வந்தவன். இன்று பத்து நாற்றுமேடை வைத்திருக்கிறேன். பளையில் இருந்தும் வந்து ஏற்றிப் போகிறார்கள். வருகிற ஆட்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். என் கன்றுக்கு மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை, என் கை மட்டும்தான்.

அப்படிப்பட்ட நான் போன மாரிக்கு முன்னம் இலைக்குப் பயந்தேன்.

மிளகாய் இலையின் அடிப்புறத்தில் ஒரு பங்கசு, பூஞ்சண நோய், பரவுகிறது என்றும், பல்கலைக்கழகக் கம்பசில் படிப்பிக்கிற ஒரு பெண்பிள்ளை மேடை மேடையாகப் பார்க்க வருவா என்றும் விவசாயக் கந்தோரில் இருந்து அறிவித்திருந்தார்கள். கண்டால் பிடுங்கி எரிக்கவேண்டும். இரண்டு தெரு தள்ளி ஒருவருடைய மேடைகள் எரிந்த புகையை என் கிணற்றடியில் நின்றே பார்த்தேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவ வரவிருந்த அன்று விடியவே எழும்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலைகளைப் புரட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் பயத்தைக் கூட்டியது. உள்ளே போய், வற்றாப்பளைக் கோயிலில் இருந்து என் மனுசி கொண்டுவந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் பூசுகிற மாதிரி, மேடை மேடையாக, இலைகளின் அடியில் தூவித் தடவினேன். பிறகு கையைக் கழுவிவிட்டு ஒன்றும் நடக்காதவன் போலக் கதிரையில் இருந்தேன்.

அந்தப் பிள்ளை விறாந்தை மேசையில் நுணுக்குக்காட்டியை வைத்து, லப்டொப்போடு பொருத்தினா. இலையின் அடியில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவிக் காயவிட்டு, செலோடேப்பை ஒட்டி உரித்தா. பாம்புச் சட்டை மாதிரி மெல்லிய தோல் ஒன்று வந்தது. திரையில் அது வற்றிய குளத்துச் சேறு வெடித்தது போலக் கிடந்தது. இடையிடையே குட்டி உதடுகள். இலை மூச்சு விடுகிற வாய்கள் அவை என்றா. மென்பொருள் ஒவ்வொரு வாயையும் பச்சை வளையம் போட்டு எண்ணியது. பிறகு வேறு எதையோ சிவப்பால் வளைத்தது. சிவப்பு நிற்கவே இல்லை.

"சிவப்பு என்ன பிள்ளை?"

"பங்கசின்ர வித்து, ஐயா."

கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தேன். எந்த மேடையில் இலை எடுத்தாலும் சிவப்புத்தான். அவவின் முகமும் சுருங்கியது. பத்து மேடையும் இப்படியென்றால் எரிக்கச் சொல்லி எழுதித்தான் ஆகவேண்டும் என்றா. ஆனால் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தா.

"வித்தெண்டால் முளைச்சு நூல் ஓடியிருக்கவேணும். இதில நூலைக் காணேல்லை. மணி மாதிரிக் கண்டதையெல்லாம் இந்த மென்பொருள் வித்தெண்டு எண்ணிப்போடும். இலைக்கு ஏதும் போட்டனீங்களோ?"

"என்ர கன்றுக்கு நான் ஒண்டும் போடுறேல்லை. ஊரே சொல்லும்."

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அவ தட்டச்சுச் செய்யத் தொடங்கினா. தேத்தண்ணியோடு வந்த மனுசி என்னைப் பார்த்தாள்.

"ஊர் சொல்லுறது இருக்கட்டும், நீங்கள் சொல்லுங்கோ. சாமித்தட்டில விபூதிப் பொட்டலம் வெறுமையாக் கிடக்கு."

எரிகிற பத்து மேடையும் கண்ணுக்குள் வந்தன.

"விபூதி போட்டனான் பிள்ளை," என்றேன். "விடியப் போட்டனான். பயத்தில."

என் வாயில் இருந்து பயம் என்ற சொல்லை மனுசிகூட அதற்கு முன் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை தட்டச்சை நிறுத்தினா.

"நல்ல காலம் ஐயா, சந்தனம் கரைச்சு ஊத்தேல்லை."

இலைகளைக் கழுவி, ஒற்றி, உலரவிட்டு, மறுபடி உரித்தோம். ஒன்பது மேடையில் சிவப்பு மறைந்தது. கிணற்றடி மேடையில் மறையவில்லை. ஏழு வளையம் மிஞ்சி நின்றது. அவ விரலால் காட்டினா. இலையின் வாய்க்குள் இருந்தே சிலந்தி நூல் போல ஒன்று வெளியே வந்திருந்தது. என் விபூதி அதை மூடிக் கிடந்திருக்கிறது. இது விபூதி இல்லை, ஐயா என்று மெதுவாகச் சொன்னா.

அந்த மேடையை அன்று மத்தியானமே பிடுங்கி எரித்தேன். மற்ற ஒன்பதையும் ஒரு கிழமை கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும், அதுவரை ஒரு கன்றும் வெளியே போகக்கூடாது என்றா. அந்தக் கிழமை முழுக்க மண்ணில் முழந்தாளிட்டு இலைகளின் அடியைப் பார்த்தேன். எல்லாம் பச்சையாக, சுத்தமாக இருந்தன. கிணற்றடி மேடையும் அப்படித்தானே இருந்தது.

அவ திரும்ப வந்து லப்டொப்பைத் திறந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்ன நிறம் என்று மனுசியிடம் கேட்டேன். ஒன்பதாவது இலையும் முடியும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

"பச்சைதான். கண்ணைத் திறவுங்கோ."

எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.