துபாய்க்குப் போகாத குருமாப் பொடி

"கை எம்புட்டு வேணும்? முழங்கைக்கு மேலயா, கீழயா?"

டேப்பை என் தோளில் வைத்தபடி மெர்சி அக்கா கேட்டார். எனக்கு என்ன தெரியும்? இருபது வருடமாக அவரிடம் பிளவுஸ் மட்டுமே தைத்துப் போட்டவள் நான். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகச் சுடிதாருக்கு அளவு கொடுக்கிறேன்.

மெர்சி அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில், வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிறவர். நான் இருப்பதோ ராஜபாளையம். ஏன், உங்கள் ஊரில் டெய்லரே இல்லையா என்று கேட்காதீர்கள். கழுத்து அளவு சரியாக வருகிற டெய்லருக்காக ஒரு பெண் எத்தனை பஸ் வேண்டுமானாலும் ஏறுவாள்.

"என்னட்டி சாந்தி, திடீர்னு சுடிதாரு? ஸ்கூட்டி ஓட்டப் போறியா?"

"இல்லக்கா... துபாய் போறோம். நாலே நாளு."

டேப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கை அங்கேயே நிற்கட்டும். துபாய் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், எங்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு டிக்கெட்டும் ஹோட்டலும் போட்டு, மொபைலுக்கு அனுப்பிவிட்டாள். எங்கள் ஊர் சஞ்சீவி மலையைத் தவிர உயரமான எதிலும் ஏறியிராத எங்களுக்கு, உலகத்திலேயே உயரமான கட்டடம்!

என் கணவர் பிசிக்ஸ் வாத்தியார். அவர் பள்ளிக்கூடத்தில் டைம் டேபிள் போடுவதும் அவர்தான். சும்மா இருப்பாரா? கட்டம் கட்டமாகக் கோடு போட்டு துபாய்க்கும் ஒரு டைம் டேபிள் தயார் செய்துவிட்டார். முதல் பீரியட், உயரமான கட்டடம். இரண்டாவது பீரியட், மால். மூன்றாவது, மாலுக்குள்ளேயே இருக்கும் மீன் தொட்டி. நடுவில் பத்து நிமிடம் இன்டர்வெல். மூன்றாம் நாள் மதியம் முழுக்க டபுள் பீரியட் — பாலைவனம், ஜீப், ஒட்டகம். ஒட்டகத்தின் மேல் அவருக்கு அப்படி ஓர் ஆசை. ஏன் என்று இருபத்தைந்து வருடமாக என்னிடம் சொன்னதில்லை.

ஊருக்குள் விஷயம் பரவியது. பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றால் போதும், ஆளுக்கொரு யோசனை. "அங்க ரோட்ட இஷ்டத்துக்குக் குறுக்க கடந்தா ஜெயிலாமே?" "குப்பையப் போட்டா ஜெயிலாமே?" சொன்னவர்கள் யாரும் மதுரை ஏர்போர்ட்டைக்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. எல்லோருக்கும் துபாய் ஜெயில் மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

சரி, மெர்சி அக்காவிடம் வருவோம்.

"எம்மவன் அங்கதான இருக்கான்" என்றார். எனக்கும் தெரியும். ஜெபராஜ். ஏசி மெக்கானிக். போய் நாலு வருடம் ஆகிறது, இன்னும் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. "ஒரு சின்னப் பொட்டலந்தான், சாந்தி. குருமாப் பொடி. அவனுக்கு எங்கையால அரைச்சாத்தான் எறங்கும். கொண்டு போவியா?"

கொண்டு போகாமல்? பெருமையாகத் தலையாட்டினேன். தைத்த துணியை வாங்கப் போன அன்று பொட்டலம் தயாராக இருந்தது. மூன்று கவர் போட்டு, வாயை மெழுகுவத்தியில் ஒட்டி, மேலே அவன் பெயரும் போன் நம்பரும் எழுதியிருந்தார்.

"இதுக்கு முன்ன மூணு தடவ ஆள் பாத்துக் குடுத்து விட்டுருக்கேன். மொத தடவ, காரம் ஒரு பொட்டு தூக்கலுன்னான். அடுத்த தடவ மொளகாயக் கொறைச்சேன். பொறவு மூணாந் தடவதான், 'ம்மா, இப்ப கரெக்டு'ன்னான்" என்றார். சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வீட்டுக்கு வந்தால், இவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து 'கொண்டு போகக் கூடாதவை' பட்டியலை சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்தினார்.

"கசகசா ஆகாதாம்."

"எது, நம்ம கசகசாவா?"

"ஆமா. போதைப் பொருள் கணக்குல வருதாம். கையில இருந்தா பெரிய கேஸாம்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேஜை மேல் இருந்த பொட்டலத்தைப் பார்த்தோம். உடனே மெர்சி அக்காவுக்கு போன் போட்டு, ஏதோ பக்குவம் கேட்பதுபோல் கேட்டேன். "பட்டை, கிராம்பு, சோம்பு, மல்லி, மொளகா... கைநெறையக் கசகசா. அதுதான் குருமாவுக்குக் கெட்டி குடுக்கும்" என்றார் சந்தோஷமாக.

நான் விஷயத்தைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

"பேசாம இங்கேயே குப்பையில போட்டுரு. அங்க போய் அந்தத் தம்பிக்கு ஏதாவது நல்ல சாமானா வாங்கிக் குடுத்துருவோம். அவனும் அவங்க அம்மாகிட்ட பொடி குடுத்தாகன்னு சொல்லிட்டுப் போறான்" என்றார் இவர்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு நாள் முழுக்க நானும் அந்த முடிவில்தான் இருந்தேன். எவ்வளவு சுலபம்! யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. ஆனால் குப்பைக்கூடையைத் திறக்கும்போதெல்லாம் அந்த மெழுகு ஒட்டிய வாய் கண்ணில் பட்டது. ஒவ்வொரு கவராக, விரல் சுடச் சுட ஒட்டியிருப்பார். மறுநாள் காலை பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சொன்னேன். மெர்சி அக்கா கேட்டார். கேட்டுக்கொண்டே யாருடைய பாவாடைக்கோ நாடா கோத்தார்.

"கொண்டு போக இஷ்டம் இல்லன்னா, அன்னைக்கே இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அய்யோ, அப்படி இல்லக்கா..."

"மூணு பேரு கொண்டு போனாகளே! அவிய எல்லாம் ஜெயிலுக்கா போயிட்டாக? உம் பெட்டியில மட்டும் எடம் இல்லாமப் போச்சாக்கும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருபது வருடப் பழக்கம் ஒரு பிடி கசகசாவில் போய்விடும் போலிருந்தது. அக்கா என்னைப் பார்க்காமலே மகனுக்கு வீடியோ கால் போட்டார். நியாயம் கேட்கத்தான்! ஏதோ ஒரு மொட்டை மாடியில், தலையில் மஞ்சள் தொப்பியோடு ஜெபராஜ் வந்தான்.

"ஏலே, சாந்தி சித்தி சொல்லுதா, கசகசா கொண்டு வந்தா அங்க பிடிச்சு உள்ள போட்ருவாகளாம். நெசமா?"

அவன் தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நெசந்தாம்மா."

"அப்ப முன்ன மூணு தடவ வந்தது?"

"வரலம்மா."

"என்னது?"

"ஒரு தடவையும் எனக்கு வந்து சேரலம்மா. மொதல்ல கொண்டு வந்த அண்ணன் பயந்துபோய் மதுரை ஏர்போர்ட்டுலயே போட்டுட்டாரு. பொறவு வந்தவங்களுக்கு நானே போன் பண்ணி, கொண்டு வராதீகன்னு சொல்லிட்டேன். உங்கிட்ட சொல்லத்தான் மனசு வரல. நீ ரெண்டு நாளா வெயில்ல காய வச்சேன், வறுத்தேன்னு சொல்லிக்கிட்டே இருந்தியா..."

மெர்சி அக்கா போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். செத்த நேரம் கழித்து போனைத் திருப்பினார்.

"ஏலே, வந்தே சேரலன்னா, காரம் ஒரு பொட்டு தூக்கலுன்னு எப்படிடா சொன்ன?"

"நீ எப்பவும் தூக்கலாத்தானம்மா போடுவ!"

முதலில் சிரித்தது அக்காதான். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு, மெஷின் மேலேயே சாய்ந்து. "நானும் இவன் பேச்சக் கேட்டு மொளகாய எண்ணி எண்ணில்லா போட்டேன்!" என்று சொல்லிச் சிரித்தவர், அப்படியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஜெபராஜ் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"நாலு வருசமா நாக்குல படாமத்தான் இருந்தியாடா?" என்றார் மெதுவாக.

போனை வைத்ததும் என் கையைப் பிடித்தார். "கோவிச்சுக்கிடாத சாந்தி. நீ வந்து சொல்லலன்னா, இன்னும் எத்தன வருசத்துக்கு அரைச்சிருப்பேனோ!"

கசகசாவுக்குப் பதில் முந்திரியும் பொட்டுக்கடலையும் சேர்த்து, அன்றைக்கே புதுப் பொடிக்கு ஏற்பாடு நடந்தது. மிளகாய் பழைய கணக்குப்படி. இவர் அந்த நீளமான பட்டியலைத் திரும்ப ஒரு தடவை வரி வரியாகப் படித்து ஓகே சொன்னார். ஒவ்வொரு சாமானையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே வைத்திருக்கிறோம்.

ஆனால் அக்கா போட்ட கண்டிஷன்தான் பெரிசு. பொட்டலத்தைச் சும்மா கொடுத்துவிட்டு வரக் கூடாது. அவன் ரூமுக்கே போய், நானே குருமா வைத்து, அவன் சாப்பிடுவதை வீடியோ காலில் காட்ட வேண்டும். "இனிமே அவன் வாய் வார்த்தைய நம்ப மாட்டேன். கண்ணால பாக்கணும்!"

அவன் ரூம் ஊருக்கு வெளியே, போகவர மூன்று மணி நேரம். அவனுக்கு லீவு எங்களுடைய மூன்றாம் நாளில்தான். ரூமில் மொத்தம் ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் அம்மா இருக்கிறார்கள் என்பதால், குருமா ஆறு பேருக்கும்தான்.

பயந்துகொண்டேதான் இவரிடம் சொன்னேன். மூன்றாம் நாள் என்பது ஒட்டகமாயிற்றே! அவர் டைம் டேபிளை எடுத்தார். ஸ்கேலை எடுத்தார். ரப்பரை எடுத்தார். டபுள் பீரியடை அழித்து, அந்தக் கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதினார் — 'குருமா (பிராக்டிகல்)'.

வரும் வியாழக்கிழமை கிளம்புகிறோம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் நம்மிடம் பொய் சொல்கிறார்கள் என்று நாம் குறைப்படுகிறோம். நாம் வருத்தப்படக் கூடாதே என்று அவர்கள் எவ்வளவு சிரமப்பட்டு, எத்தனை நுணுக்கமாகச் சொல்கிறார்கள் என்று யோசித்ததுண்டா?

பெங்களூர் மகளுக்கு மாதம் தவறாமல் நான் இட்லிப் பொடி அனுப்புகிறேன். "சூப்பர்மா" என்பாள். இந்த வாரம் போனில் அதைப் பற்றி நான் கேட்கவே இல்லை!