வட்டவடை ஏற்றத்தில் நின்றுபோன சத்தம்

எழுபதுகளின் நடுப்பகுதி. தேவிகுளம் தாலுகா அலுவலகத்தில் நில அளவைப் பிரிவில் வேலை பார்த்தேன். வட்டவடைக்கு அடிக்கடி அளக்கப் போக வேண்டும். அலுவலகத்துக்கு ஒரு ஜீப் இருந்தது. அதை வெளியே எடுக்க நான்கு பேர் கையெழுத்து வேண்டும்; நான்கும் கிடைக்கிற நாளில் டிரைவர் லீவில் இருப்பார். அதனால் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டேன்.

டாப் ஸ்டேஷனைத் தாண்டி வட்டவடைக்கு இறங்கும் சாலை அன்று அரசாங்க வரைபடத்தில் நன்றாக இருந்தது. நேரில் அது காட்டுக்குள் ஒரு ஜீப் தடம். நடுவில் புல், இரண்டு பக்கமும் கல். என் வண்டியின் சைலன்சரோ அடிவயிற்றோடு ஒட்டித் தாழ்வாகப் போகும். ஒரு கல் அதை நசுக்கியது. தட்டிச் சரிசெய்தேன். அடுத்த மழையில் இன்னொரு கல் அதைப் பிடுங்கியே போட்டுவிட்டது.

வாளையார்ப் பக்கம் உள்ள என் ஊருக்குப் போயிருந்தபோது, பாலக்காட்டில் உதிரிபாகக் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவரிடம் புது சைலன்சர் கேட்டேன். அவர் மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது வண்டியோட வர்ற மாதிரியே. பூனையாட்டம் போகும். ஆனா உங்க மலையில ஒரு மாசம் தாங்காது. இது வெறும் குழாய். ஊரையே எழுப்பும், ஏத்தத்துல இழுக்காது. இது கோயமுத்தூர்ப் பட்டறையில அடிச்சது. இன்ஜின்ல இருந்து மேல ஏறி சீட்டோரமாப் போகும். கல்லு தொடவே தொடாது."

"சத்தம் எப்படிங்க?"

"கொஞ்சம் இருக்குங்க."

"கொஞ்சம்னா?"

"கல்யாணத்துக்குப் போறப்ப ஓட்டிட்டுப் போகாதீங்க, அவ்வளவுதான்."

சத்தத்தை இயன்ற அளவு குறைக்க வேண்டும் என்பது விதி. 'இயன்ற அளவு' என்று எழுதிய விதிகளோடு எனக்கு நல்ல பழக்கம் உண்டு. மூன்றாவதை வாங்கினேன்.

கல் தொடவில்லை என்பது உண்மை. ஆனால் வேறொரு சிக்கல் வந்தது. ஆக்கிரமிப்பைப் பார்க்கப் போகிறவன் சொல்லாமல் போய் நிற்க வேண்டும். என் சத்தமோ காட்டுக்குள் இறங்கும்போதே வட்டவடை முழுக்கக் கேட்டுவிடும். நான் போய்ச் சேர்வதற்குள் வேலிக்கம்புகள் தாமாகவே பழைய இடத்துக்குப் போயிருக்கும். "சார் மேல வளைவுல இருக்கும்போதே பால அடுப்புல வச்சுட்டோம்ல" என்று டீக்கடைக்காரர் சிரிப்பார். ஆறு மாதம் பொறுத்தேன். பிறகு, கல்லில் அடிபட்டாலும் பரவாயில்லை, பூனையாட்டம் போகிற முதல் வகையையே மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்து ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று ராவுத்தரிடமும் சொல்லி வைத்தேன்.

அதற்குமுன் ஒரு முறை வட்டவடைக்குப் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்து சாயங்காலம் மேலே ஏறினேன். காட்டுக்குள் நுழைந்ததும் மஞ்சு இறங்கி மூடுபனியாகச் சூழ்ந்துவிட்டது. ஒரு வளைவை நெருங்கியபோது ஈரக்கல்லில் பின்சக்கரம் வழுக்கியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து என் காலை அடியில் போட்டுக்கொண்டது. இன்ஜின் நின்றுவிட்டது. கால் வரவில்லை; நகர்த்தினால் உயிர் போனது. டாங்கிலிருந்து பெட்ரோல் சொட்டும் வாசனை வந்தது.

வலியைவிடப் பயம் பெரிதாக இருந்தது. மூணாறுக்குக் காய்கறி கொண்டுபோன ஜீப்புகள் திரும்புகிற நேரம் அது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க அவர்கள் அந்த இறக்கம் முழுவதையும் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டியேதான் வருவார்கள். அது குற்றம் என்று நானே பல டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆளும் மூட்டையுமாக வரும் ஜீப், சத்தமே இல்லாமல், இந்த மஞ்சில். வளைவு திரும்பினால் நான் தடத்துக்குக் குறுக்கே கிடக்கிறேன். கத்திப் பார்த்தேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. சக்கரச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவனுக்குக் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"சாரே... சார்... எங்க கெடக்கீக?"

மஞ்சிலிருந்து நாலைந்து பேர் நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவர் ஜீப் டிரைவர். குனிந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பி, "உசுரு இருக்குப்பா" என்றார்.

பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். "போன மாசம் எம் பூண்டுப் பாத்தியில மூணடி கொறச்ச சாருதான?"

"அதெல்லாம் பெறகு பேசு. வண்டியத் தூக்கு மொதல்ல."

தூக்கினார்கள். அந்தப் பூண்டுக்காரர்தான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே நடந்தார். "அளக்கும்போது இம்புட்டுக் கனம் தெரியலயே சார்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மேலே, தடம் கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் ஜீப் ஒதுங்கி நின்றது. சக்கரத்துக்குக் கல் கொடுத்திருந்தார்கள். எப்படித் தெரிந்தது என்று டிரைவரிடம் கேட்டேன்.

"இன்ஜின அணைச்சாத்தான சார் எதுக்க ஏறி வர்றது காதுல விழும்? ஏறுற வண்டிக்கு எறங்குறவன் ஒதுங்கி நிக்கணும், அதான் இங்க வழக்கம். ஒங்க சத்தம் நல்லா ஏறி வந்துச்சு. பட்டுனு நின்னுபோச்சு. சும்மா நின்ன வண்டின்னா மறுபடி ஒதைக்கிற சத்தம் வரணும்ல? வரல. அதான் எறங்கி நடந்து வந்தோம்."

"சத்தம் கேக்கலைன்னா?"

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். பூண்டுக்காரர்தான் சொன்னார்: "நிக்காம உருண்டு வந்திருப்போம் சார். எம் மூணடி எனக்கே திரும்பக் கெடச்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். கால் முறிந்திருந்தது. நானும் சிரித்தேன்.

ஜீப்பை வந்த வழியே திருப்பி மூணாறு ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்துவிட்டு, ராத்திரி அந்த மஞ்சிலேயே ஊர் திரும்பினார்கள். கட்டுப் பிரித்த பிறகு பாலக்காட்டுக்குப் போய், முதல் வகை வேண்டாம் என்று ராவுத்தரிடம் சொன்னேன். காரணம் கேட்டார். சொன்னேன். "அப்ப அந்த மூணாவத விக்கிறப்ப இனிமே இதையும் சேத்துச் சொல்லலாம்" என்றார்.

அந்த டிரைவர் உருட்டி வந்தது சட்டப்படி தவறு, என் சைலன்சரும் ஏறக்குறைய தவறு. ஆனாலும், என் வருகையை விரும்பாத மனிதர்கள் என் சத்தம் ஏறி வருவதைக் கேட்டு ஒதுங்கி நின்றார்கள், அது நின்றுபோனதும் என்னைத் தேடி நடந்து வந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு லேசாகிவிடுகிறது.